கரை வேட்டி கட்டாத மந்திரி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

இன்று ஆத்தூர் பஸ்ஸில், தோல் வியாபாரி காதர் பாய் போனைக் காட்டினார். அதில் பிரான்சு நாட்டு மந்திரி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"பொழைக்கப் போனவுக குடும்பத்தைக் கூட்டிக்கிறதுக்கு இனி தடை இல்லைங்கிறாரு அண்ணே. எம் மகன் பாரிசுலதான இருக்கான்? மருமகளை டீச்சர் வேலையை விடச் சொல்லிட்டேன்."

மந்திரியின் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

"பாய், போன எலெக்சன்ல வெளியூர்க்காரனை உள்ள விடாதேன்னு கத்துனது இந்த ஆளுதான? நீங்கதான் டீக்கடையில காட்டுனீக. சோறு எறங்கலைன்னு பொலம்புனீகளே!"

"அது வேற கட்சி ஆளுல்ல?"

"கட்சிதான் வேற. அதுக்கும் முன்ன தொழிலாளி கட்சியில மந்திரி. அம்புட்டுக்கும் அதே மூஞ்சி, அதே நீலக் கோட்டு."

பாய் வீடியோவை நிறுத்தினார். பிறகு மருமகளுக்குப் போன் போட்டார்.

"ராஜினாமா குடுத்துட்டியாம்மா? இன்னும் இல்லையா? அல்ஹம்துலில்லாஹ். குடுக்காத."

நம் ஊரில் ஒருவர் கட்சி மாறினால் வேட்டிக் கரையே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே கோட்டுப் போடுகிற ஊரில் எதை வைத்து ஆளை நம்புகிறார்கள்?

பிரான்சில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பாய் மருமகள் காத்திருக்கிறாள்.