இறந்த தேதி காலியாக இருப்பவர்கள்

நோஹெமி, சற்றுமுன் இறந்த தோன்யா எர்மெலிந்தா அம்மாளின் தாடையைக் காஸ் துணியால் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். உடல் விறைப்பதற்குள் வாயை மூடிவிட வேண்டும். பல்செட்டைப் பொருத்தி, முடியை வாரியாகிவிட்டது. உச்சியில் முடிச்சுப் போடும்போது கைபேசி ஒலித்தது. "நாளை காலை ஆறு மணி: எர்மெலிந்தா ஒகாம்போ. வலது குதிகால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும்."

அதே சேதி உடன் வேலை பார்க்கும் ஃபாபியோலாவுக்கும் வந்திருந்தது. அவள் படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் செயலிக்கு இன்னும் துக்கச் சேதி போகலயா அக்கா? நாளைக்கும் நான் வந்து கட்டணுமாம்."

"இரு, சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லிடு. தோன் அர்செசியோ வீட்ல நான் பட்டது போதும்."

மனிசாலேஸ் நகரின் மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஏழு பெண்களுக்காக நோஹெமி எழுதிய செயலி அது. மாலை வகுப்பில் எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியைக் கற்றுக்கொண்டே எழுதியது. சென்ற மாதம் தோன் அர்செசியோ இறந்த மறுநாள், செயலி சொன்னதை நம்பி ஃபாபியோலா இன்சுலின் ஊசியோடு போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ஊசியைப் பார்த்து மகள் அலறியது தெருவுக்கே கேட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் செயலியே வேண்டாம் என்று பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

சவ வண்டி வர நேரம் இருந்தது. நோஹெமி சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, நோயாளிகள் அட்டவணையிலிருந்து எர்மெலிந்தாவை நீக்கச் சொன்னாள். தரவுத்தளம் மறுத்தது. வருகைகள் அட்டவணையில் அந்த அம்மாளைச் சார்ந்த வரிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஆளை மட்டும் நீக்க முடியாது.

"அதையும் சேர்த்து அழிச்சிடேன்," என்றாள் ஃபாபியோலா.

"அழிக்கலாம். அஞ்சு மாசமா நீ கட்டின கட்டெல்லாம் அதோட போயிடும்."

ஃபாபியோலா சுருட்டிய விரிப்பை நாற்காலியில் வைத்தாள். "வலதுக்கு முன்னால இடது குதிகால்ல எலும்பே தெரிஞ்சுது. அதை மூட வெச்சோம். அவங்க மகனே நம்பல." பிறகு, "அது இருக்கட்டும்கா. வேற வழி பாரு," என்றாள்.

அந்த ஊசிக் கலவரத்துக்குப் பின் தோன் அர்செசியோவை நோஹெமி அவசரத்தில் வருகைகளோடு அடியோடு அழித்திருந்தாள். பிறகு அவருக்குப் போட்ட களிம்பு வேறொருவருக்கு ஒத்துக்கொள்ளாதபோது, அவருக்கு எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க ஒரு வரி இல்லை. ஆள் போய்விடலாம், செய்த வேலை நடந்ததுதான். இந்த முறை எதையும் நீக்காமல், இறந்த தேதிக்கென்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, எர்மெலிந்தாவின் வரியில் அன்றைய தேதியைப் போட்டாள். பிறகு, அந்தத் தேதி 'காலி' என்பதற்குச் சமமாக இருப்பவர்களை மட்டும் காட்டு என்று நாளைய பட்டியலைக் கேட்டாள்.

பட்டியலில் ஒருவர்கூட வரவில்லை.

"எல்லாரையும் கொன்னுட்டியா?" என்றாள் ஃபாபியோலா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

தரவுத்தளத்தில் காலி என்பது ஒரு மதிப்பல்ல, இன்னும் தெரியாதது. எதனோடும் சமம் பார்க்க முடியாது, காலியாக இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். வகுப்பில் சொன்னபோது வீண் வம்பாகப் பட்டது. இப்போது நியாயமாகத் தெரிந்தது. உயிரோடிருப்பவர்களில் யாருக்குத்தான் அந்தத் தேதி தெரியும்? நிபந்தனையைத் திருத்தினாள். பதினெட்டுப் பேர் வந்தார்கள். எர்மெலிந்தா இல்லை. அவருடைய வருகைகள் அத்தனையும் இருந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஃபாபியோலா நேராகப் பட்டியலில் அடுத்திருந்த தோன் ஹில்தார்தோ வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, அரேபா என்ற சோள ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். நோஹெமி மற்ற பெண்களைக் கூப்பிட்டு, இறந்த தேதியைப் பதியச் செயலியில் புதிதாக வைத்த பொத்தானைக் காட்டினாள்.

"ஆள் போயிட்டா முதல்ல கையைக் கழுவுங்க. அடுத்து இதை அழுத்துங்க. அழறதெல்லாம் அப்புறம்."