பெரியவரின் இடது காது

“இந்த ஆமை என்ன பண்ணுது?” என்று, அருங்காட்சியகக் கூடத்தில் ஆமைச் சிலையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

“பூமியைச் சுமக்குது,” என்றேன். “வட அமெரிக்காவுல பெரிய ஏரிகள் பக்கம் இருந்த சில பூர்வகுடிங்க அப்படித்தான் சொல்வாங்க. உலகமே தண்ணியா இருந்தப்போ இதோட முதுகுலதான் மண்ணைப் பரப்பினாங்களாம்.”

“மொத்தப் பூமியையுமா?”

“மொத்தத்தையும்தான்.”

“கூலி?”

அவளே சொன்னாள்: “வாயைத் திறக்காம சுமக்குது பாரு. அப்ப இதைத்தான் முதல்ல கவனிக்கணும். நீ யாரும்மா, புதுசா?”

“இதுங்க பக்கத்துல வைக்கற விவர அட்டைகளை எழுதறேன். ரெண்டு மொழியிலயும்.”

“ஓ, நீ எழுத்து. நான் தூசி. நாளைக்கு அந்தக் காக்கா கதையைச் சொல்லு.”

அன்றுவரை வாசல் பக்கமிருந்து தொடங்கிய வேலையை மறுநாளிலிருந்து ஆமையில் தொடங்கினாள். இன்றும் அப்படித்தான்.

அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் தூசியக்கா. பல நாட்டுப் பூர்வகுடிகள் செதுக்கியும் நெய்தும் வைத்த விலங்குகள் நிற்கும் நீண்ட கூடம் அவளுடைய பொறுப்பு. வலது கையில் ஆட்டுமுடித் தூரிகை. இடது கையில் தூசி உறிஞ்சும் குழாய். குழாயின் வாயில் வலைத்துணி கட்டியிருப்பாள். பழைய சாயம் ஒரு செதில் பெயர்ந்தாலும் இயந்திரத்துக்குள் போகாமல் துணியில் தங்கிவிடும். கதவு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்ந்து இறங்கும். அதில் மிதக்கும் தூசியின் நடுவே விலங்குகள் ஒவ்வொன்றாய்த் தூக்கம் கலைவதுபோல் இருக்கும்.

கதையில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த வெளிச்சத்தைத் திருடி உலகத்துக்குக் கொடுத்த அண்டங்காக்கையைத் துடைத்து முடித்ததும், இடுப்பைத் தடவிச் சாவிக்கொத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். “நல்ல காரியத்துக்குத்தான் திருடினாரு. ஆனாலும் கை பழகிப்போச்சு இல்ல?” பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு ஆந்தைகள். ஒன்று சாவுச் சேதி கொண்டுவருவது. வேறொரு மக்கள் செதுக்கிய மற்றொன்று, ஊரைக் காவல் காப்பது. “ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான். என் மாமியார் மாதிரி. பார்க்கிறவங்களைப் பொறுத்தது,” என்பாள்.

கூடத்தின் கோடியில் மரத்தில் செதுக்கிய ஒரு கரடி நின்றது. இந்தச் சொல்லை இங்கே எழுதுகிறேனே தவிர, அக்காவின் முன்னால் சொன்னதில்லை. கரடியை வணங்கும் வடக்குக் காட்டு மக்கள் சிலர் அதன் பெயரை வாயால் சொல்வதில்லை. தன்னைப் பற்றி யார் எங்கே பேசினாலும் அதற்குக் கேட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மரியாதையாகப் பெரியவர் என்பார்கள். அட்டையில் நான் எழுதியது அவ்வளவுதான். அக்கா அதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தாள். “தன்னைப் பத்திப் பேசறது அவ்வளவு தூரத்துலேர்ந்து கேக்குதுன்னா, மத்தது கேக்காமலா இருக்கும்?”

“என்னக்கா, கரடி குளிச்சாச்சா?” என்று வாசல் காவலாளி தினமும் சீண்டுவார்.

“மெதுவாப் பேசுய்யா. உன் பேரை நல்லா ஞாபகம் வச்சிருக்காரு. ஒருநாள் இருக்கு உனக்கு.”

அவர் நகர்ந்ததும் அக்கா பெரியவரின் இடது காதுக்கு அருகே குனிவாள். ஒரே ஒரு பெயரைச் சொல்வாள். பிறகு நிமிர்ந்து அடுத்த பீடத்துக்குப் போய்விடுவாள்.

அது அவளுடைய தங்கையின் பெயர். பதினோரு வருடங்களுக்கு முன் வீட்டில் ஏதோ வாக்குவாதம். “போனா போ, யாரு அழுதா?” என்று அக்கா சொல்லிவிட்டாள். தங்கை போய்விட்டாள். கடிதம் இல்லை, போன் இல்லை. தேடாத இடமும் இல்லை. “எங்கயோ ஒரு தெருவுல யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க இல்ல? அது இவரு காதுல விழும். எந்தப் பேருன்னு இவருக்கு மறந்துடக் கூடாது. அதான் தினமும் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன்,” என்றாள் ஒருநாள். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வலைத்துணியைப் பிரித்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

போன வருடம் பெரியவரை அவரைச் செதுக்கிய மக்களிடமே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. “நல்லதுதான். எத்தனை நாள்தான் அடுத்தவங்க வீட்டுல நிப்பாரு?” என்றாள் அக்கா. ஆனால் அந்த வாரம் ஆமையை இரண்டு முறை துடைத்தாள். காக்கையை மறந்தே போனாள்.

ஒரு பொருள் வெளியே போகும்போது அதன் உடம்பிலுள்ள ஒவ்வொரு கீறலையும் ஒரு தாளில் பதிவு செய்து கூடவே அனுப்ப வேண்டும். அருங்காட்சியகப் பொருள்களைப் பழுதுபார்ப்பவர் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாய்ச் சுற்றி வந்து சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். முன்னங்கால் நகம் ஒன்று உடைந்திருக்கிறது. முதுகில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அக்கா தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

“இடது காது. உள்விளிம்புல கட்டைவிரல் அகலத்துக்கு மரம் கறுத்து வழுவழுன்னு இருக்கு,” என்றவர் டார்ச்சை அங்கேயே நிறுத்தினார். “மூச்சுப் பட்ட ஈரம் மாதிரி இருக்கே. பழசு இல்ல. யாரு இவ்வளவு கிட்டப் போனது?”

முகத்தை ஒரு சாணுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே முதல் விதி. அதை மீறிய இருவரை என் கண்ணெதிரே வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

அக்கா தூணை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“தெரியலன்னு போடாதம்மா. அங்க பெட்டியைப் பிரிக்கறவங்க அழுக்குன்னு நினைச்சுப்பாங்க. என்னை மாதிரி ஒருத்தி வந்து சுத்தமாத் துடைச்சு விட்டுடுவா. நான்தான் பண்ணேன்னே எழுது, பரவாயில்ல. ஆனா இது அழுக்கில்ல, ஒரு பொண்ணோட பேரு, இப்படியே இருக்கட்டும்னு சேர்த்து எழுதிடு. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிடும்மா.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த தூரிகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.