புது கேஸும் பழைய ஆயிலும்

எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டு ஃப்ரிட்ஜை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது ஒழுங்காக ஓடியே ஆகவேண்டிய வருஷம் பார்த்து அத்தனை பேரையும் படுத்தி எடுத்தது. அந்த வருஷம்தான் அம்மாவுக்கு நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. போகலாம், ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் குறை வரக்கூடாது என்பது அப்பா போட்ட நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமையே மாவு அரைத்து, குழம்பு வைத்து உள்ளே அடைத்துவிட்டால் வாரம் முழுக்க மின்சார ரயிலைப் பிடித்துவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்ந்துபோனபோது, பம்மல் மெக்கானிக்கை அழைத்து வரச் சொன்னாள். அப்பா பம்மல் வரைக்கும் போனார். திரும்பி வந்ததோ சித்தப்பாவோடு. சித்தப்பா கார் ஏசி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் கையில் ஸ்பானர் இருந்தால் சொந்தக்காரர் வீட்டில் எதுவும் தப்பாது.

“அண்ணி, இது புதுசா வந்திருக்கிற கேஸ். இனிமே உள்ள கை வச்சா விரல் விறைச்சிடும்” என்று ஏற்றிவிட்டுப் போனார். உண்மையிலேயே விறைத்தது. அம்மா அவருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

சில வாரங்கள்தான். ஃப்ரிட்ஜ் முனகியது, உறுமியது, ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிட்டது. அம்மா ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் மாவு பொங்கிக் கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது. குழம்பு நுரைத்திருந்தது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. பேசாம வேலையை விட்டுடு” என்றார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, “விட்டுத் தொலைக்கிறேன், போங்க” என்றாள். எனக்கானால் ஒரே சந்தோஷம். இனிமேல் காலையில் சூடாக இட்லி கிடைக்கும்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவே பம்மலுக்குப் போய் மெக்கானிக்கை இழுத்து வந்தாள். அவர் பின்பக்கம் பிரித்துப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

“இன்னாம்மா இது, தம்பிய வச்சு புது கேஸு ஏத்திக்கிறேன்னு சாரு கடைக்கு வந்து சொன்ன அன்னிக்கே தலபாடா அடிச்சுகினேனே! இந்தப் புது கேஸு பழைய ஆயிலோட கலக்காதும்மா. கேஸு மட்டும் சுத்திகினு வந்துரும், ஆயிலு பைப்புலயே குந்திகினு கீது. எண்ணெ இல்லாம கம்ப்ரஸர் காஞ்சு புடிச்சுகிச்சு. ஆயில மாத்தாம ஏத்தாதீங்க, ஒரு மாசம் தாங்காதுன்னேன். ‘சரிப்பா, பாத்துக்கிறேன்’னாரு சாரு.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

ஒரு கிண்ணம் உடைந்தாலே தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள். அப்பாவுக்குத் தட்டு வைத்தாள். அடுத்த நாள் ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டிய புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். சண்டை எப்போது வெடிக்குமோ என்று காத்திருந்த நான், அம்மா அப்பாவை மன்னித்துவிட்டாள் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.