ஆறுதலாப் போடு

என் மகள் பேஸ்போலில் பந்து எறிபவள். பதினேழு வயது. எங்கள் ஊரான கர்க்லாண்டின் பெண்கள் அணியில் அவளைவிட வேகமாக எறிய ஆளில்லை. அவள் எறிந்த பந்து கையுறையில் விழுகிற சத்தம் கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

விளையாட்டே தெரியாமல் இருந்த நான் இரண்டு கோடைகளில் ஒரு கொப்பி நிறைய எழுதிவிட்டேன். அவளிடம் மூன்று விதப் பந்துகள் இருந்தன. நேராகச் சீறிக்கொண்டு வருகிற வேகப் பந்து. நெஞ்சளவில் வந்து முழங்காலுக்கு விழுகிற வளைவுப் பந்து. அது மனம் வைத்தால்தான் வளையும். மூன்றாவதுதான் என் செல்லம். கை அதே வேகத்தில் சுழலும். உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்த பந்து மட்டும் மெதுவாக வரும். வேகத்துக்குத் தயாராக நிற்கிறவள் முந்தி மட்டையை வீசி ஏமாந்துபோவாள்.

எப்போது அதை எறிவது என்பதுதான் மகளுக்குப் பிடிபடவில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். நான் மட்டை பிடிக்கிறவளுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். மட்டைக்காரியின் கால் அவசரப்பட்டால், "ஆறுதலாப் போடு பிள்ளை!" என்று கத்துவேன். யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் மெதுவாக. மகள் மறுபேச்சில்லாமல் அந்த மெதுப் பந்தை எறிவாள். பயிற்றுநர் அதை ஒரு தாயின் உற்சாகக் கூச்சல் என்று நினைத்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்கிற மைதானத்தில் தமிழைவிட நல்ல பூட்டு ஏது என்று நானும் நினைத்தேன்.

மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்திருந்த சனிக்கிழமை, லவாலில் ஆட்டம். அந்த அணியில் இடம் கிடைக்க வேண்டுமென்று மகள் பனிக்காலம் முழுவதும் நிலக்கீழ் அறையில் சுவரில் எறிந்து பழகியிருந்தாள். லவால் பெண் ஒருத்தி மட்டையோடு வந்தாள். அவள் கால் துறுதுறுத்தது. கத்தினேன். அவள் காத்திருந்து அடித்தாள். பந்து வேலிக்கு வெளியே போனது. அவள் அடுத்த முறை வந்தபோதும் அப்படியே. மகளின் முகம் சுருங்கியது. நான் கொப்பியைப் புரட்டினேன். பிடியைக் காட்டிக்கொடுக்கிறாளா? தோள் இறங்குகிறதா? ஒன்றுமில்லை. மூன்றாம் முறை இன்னும் பலமாகக் கத்தினேன். பந்து இன்னும் தூரம் போனது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு.

"மெர்சி அன்ரி," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தாள். "எங்கடை அம்மாவும் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவா. ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலாப் படியிறங்கு எண்டு."

எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துபோகலாம் போலிருந்தது. மகளின் விரல், முழங்கை, தோள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதியிருந்தேன். என் வாயை எழுதவில்லை.

அரைமணி நேரத்தில் தேர்வானவர்களின் பட்டியலை வேலியில் ஒட்டினார்கள். மகளின் பெயர் இல்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்ரை பிழை பிள்ளை. உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் காரை விரட்டினேன். கொஞ்ச தூரம் போனபின் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, ஆறுதலாப் போங்கோ."

காலைத் தளர்த்தினேன்.