ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்தோத்திரம்

முதலில் வந்தது குளிர். நல்ல வெயில் காய்கிற காலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டு நின்றேன். கை ஆடியது, கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. கங்காணி பார்த்தால் ஏசுவாரே என்று பயந்து மரத்தைப் பிடித்தேன். மரமும் சேர்ந்து நடுங்குகிற மாதிரி இருந்தது. லயத்துக்கு (தோட்டத்தில் எங்கள் வரிசை வீடு) எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

புளத்கொகுபிட்டிய என்ற ஊருக்கு மேலே எங்கள் தோட்டம். அந்த வருஷம் மழை இல்லை. ஆறு ஓடாமல் பாறைக்குழிகளில் தேங்கிக் கிடந்தது. கொசு அங்கேதான் பெருகியது என்று டாக்டரையா பிறகு சொன்னார். நாங்களோ, தண்ணீர் இழுக்கவில்லை, பயமில்லாமல் குளிக்கலாம் என்று சந்தோஷப்பட்டோம்.

இந்தக் காய்ச்சலோடு படுத்திருக்கிறவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சபையில் எழும்பி சாட்சி சொல்லச் சொன்னால் குனிந்த தலை நிமிராது. எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

டாக்டரையா என் இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். கல் மாதிரி ஒன்று தட்டியது. மண்ணீரல் (வயிற்றின் இடது பக்கம், விலாவுக்குள் இருக்கிற உறுப்பு) வீங்கிவிட்டது, இது முறைக்காய்ச்சல் (மலேரியா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது) என்றார். கொயினா (காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து) கொடுத்தார். அதைக் குடித்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. மறுநாள் எழும்பினால் உடம்பில் ஒன்றுமே இல்லை. கர்த்தர் சுகம் தந்துவிட்டார் என்று முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்கு அடுத்த நாள், அதே வேளைக்கு, குளிர் வந்து என்னைத் தூக்கிப் போட்டது. ஏமாந்துபோன மாதிரி இருந்தது. யாரிடம் ஏமாந்தேன் என்று நினைக்கவே பயமாயிருந்தது.

எனக்கு அப்போது கைப்பிள்ளை, மகன். பால் கொடுக்க எழும்ப முடியவில்லை. எங்க வீட்டுக்காரருக்கும் அதே நாளில்தான் காய்ச்சல். பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) காளியம்மா அக்கா இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவங்களுக்கும் கைப்பிள்ளை, மகள். என்னை ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து, என் மகனைத் தூக்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டாங்க.

“புருஷனும் பொண்டாட்டியும் சோடி போட்டுக்கிட்டு நடுங்குறீங்களே, வெட்கமா இல்ல?” என்றாங்க.

கொஞ்ச நாளில் அக்காவையும் காய்ச்சல் பிடித்தது. அவங்களுக்கு வந்தது என் நல்ல நாளில். நான் போய்க் கஞ்சி வைத்து, அவங்க மகளுக்குப் பால் கொடுத்தேன். மறுநாள் அவங்க வந்தாங்க. இப்படியே, எனக்குக் காய்ச்சல் வருவது என்னுடைய நாள், அவங்களுக்கு வருவது அக்காவுடைய நாள் என்று போனது. எந்த நாளும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தாய் எழும்பி நின்றாள்.

அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவங்க. “ஒங்க சாமியும் எங்க ஆத்தாவும் கூடிப் பேசி ஆளுக்கொரு நாள்னு பங்கு பிரிச்சிருக்காங்க புள்ள” என்று சிரிப்பாங்க. நான் வெளியே சொல்லவில்லை, ஆனால் உள்ளுக்குள் அப்படித்தான் நம்பினேன். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கர்த்தர் தருகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காலை, இன்றைக்கு என்னைக் காய்ச்சலுக்கு விலக்கினீரே, ஸ்தோத்திரம் என்று சொல்லி முடிக்கவில்லை, சுவருக்கு மேலாக அக்காவுடைய பல் கிடுகிடுக்கிற சத்தம் வந்தது. நான் ஸ்தோத்திரம் சொன்ன நாளெல்லாம் அவங்க நடுங்கின நாள். அந்தச் சத்தம் இந்தப் பக்கம் வந்தால், என் ஜெபமும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

கஞ்சியைக் கொண்டுபோய் வைத்து, தரையைப் பார்த்தபடி அதைச் சொன்னேன். அக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாங்க.

“நல்லா சத்தமா சொல்லு புள்ள. நீ எந்திரிச்சாத்தானே எம்புள்ளைக்குப் பாலு.”

பிறகு அவங்க காய்ச்சல் முறை தப்பியது. என் நாளிலும் வந்தது, விடவேயில்லை. சொந்த மகளையே யார் பிள்ளை என்று கேட்டாங்க. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டரையா கொயினா ஊசி போட்டார். அது அக்காவுடைய நாள். அவங்க மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவங்களுக்கு மூச்சு நின்றது. பிள்ளை நிறுத்தவில்லை, குடித்துக்கொண்டே இருந்தது. நானும் அசையவில்லை.

விடிந்தால் என்னுடைய நாள். இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து குளிருக்குக் காத்திருந்தேன். எனக்கு வந்துவிட்டால் இந்த இரண்டையும் தூக்க அந்த லயத்தில் காய்ச்சல் இல்லாத ஆள் இல்லை. வருகிற வேளை வந்தது. கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். வேளை கடந்தது. குளிர் வரவில்லை.

ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டு பிள்ளைக்கும் மாறி மாறிப் பால் கொடுத்தேன்.

கொயினா கடைசியில் வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டரையா. இருக்கலாம். ஒருத்தியை எடுத்து ஒருத்தியைக் கர்த்தர் தப்புவித்தார் என்று சபையில் சிலர் சொன்னார்கள். அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் அவர் என்று நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அன்றைக்கு இரண்டு பிள்ளைக்கும் பால் இருந்தது. ஏன் இருந்தது என்ற திகைப்போடேதான் அவரை நம்புகிறேன்.

அக்கா மகளுக்குச் சோறு ஊட்டுகிற வயது வந்த பிறகுதான் அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

காய்ச்சல் போனாலும் முறை என் உடம்பை விட்டுப் போகவில்லை. என்ன கிழமை என்று கேட்டால் யோசிப்பேன். என்னுடைய நாளா, அக்காவுடைய நாளா என்றால் உடம்பே சொல்லும். என்னுடைய நாளில் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லுகிறேன், அக்கா சொன்னபடி சத்தமாக. அவங்க நாளில் முழங்கால் போடுவதில்லை. யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போகிறேன்.

இன்றைக்கு அக்காவுடைய நாள். அடுப்பில் கஞ்சி பொங்குகிறது, இறக்கிக் கொண்டுபோக வேண்டும்.