அத்தான் நிரப்பிய பாட்டில்

கழிமுகத்துத் தண்ணீரில் கிருமியைக் கொண்டுவந்து போடுவதே பாட்டில்காரிதான் என்று ஊரில் ஒரு பேச்சு. ஆதாரம் பலமானது. அவள் செவ்வாய்க்கிழமை பாட்டிலோடு படகில் ஏறுகிறாள்; வெள்ளிக்கிழமை 'சிப்பி எடுக்கக் கூடாது' என்று பலகை மாட்டுகிறார்கள். அவள் லீவு போட்ட வாரம் பலகையும் லீவு. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில்கூட இவ்வளவு பொருத்தம் கிடையாது.

பேச்சு காதுக்கு வந்தபோது அவள் கோபப்படவில்லை. லேபுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது அவள் உத்தியோகம். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் பழக்கம். பழைய நோட்டுகளைப் புரட்டினாள். ஒவ்வொரு தடவையும் சுத்தத் தண்ணீர் அடைத்த பாட்டில் ஒன்று கூடவே போகும். படகில் அதைத் திறந்து மூடித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கிருமி அவள் கையிலிருந்து வந்ததா என்று பார்க்கத்தான் அது. ஆக, ஊர் இந்த வருஷம் சந்தேகப்பட்டதை லேப் பதினொரு வருஷமாக வாராவாரம் சந்தேகப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்தப் பாட்டில் சுத்தம்; அவளுக்கு விடுதலை. கிருமி அவளுக்கு முன்பே, ஊருக்கும் முன்பே, அங்கே குடியிருப்பது. வெயில் காலத்தில் அதன் உறவுக்காரர்கள் கூடிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதை விளக்க, பேச்சு பிறந்த வீட்டுக்கே போனாள். அது அவள் அக்கா வீடு. அக்கா புருஷன் சிப்பி எடுக்கிறவர். பலகை ஏறினால் அவருக்கு வேலை இறங்கிவிடும்.

அத்தான் ஒரு காலை வாளிக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சிப்பி கீறிய காயம். வாளியில் கழிமுகத்துத் தண்ணீர். உப்புத்தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த வைத்தியம். கிருமிக்கும் அந்த உப்புதான் பிடிக்கும் என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை.

கணுக்காலில் இருந்த சிவப்பு முழங்காலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை வேறு. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் முதலில் கால் போகும், பின்னாலேயே ஆளும் போகலாம் என்று அவள் சொன்னாள்.

"உன் பாட்டில நான் நம்ப மாட்டேன்மா. என் பாட்டில்ல நானே மொண்டு தரேன். அதுல கிருமி இருந்தா வரேன்."

ஒரு பாட்டிலை எடுத்து, நியாயம் தவறக்கூடாதென்று ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வாளியிலிருந்து நிரப்பி நீட்டினார். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்பதை அவள் சொல்லவில்லை. லேபுக்குப் போய் வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். பதினொரு வருஷத்தில் வராத முடிவை அவள் ஒருதரம்கூட எழுதியதில்லை. இன்றும் எழுதவில்லை; வாயால்தான் சொன்னாள்.

"பார்த்தாச்சு அத்தான். இருக்கு."

"எவ்வளவு?"

"எண்ண முடியல."

அத்தான் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொல்லல? இது சாதாரண வலி இல்லன்னு?" அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்கா அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கிழித்துக் கழுவி, பன்னிரண்டு நாள் ஊசி போட்டார்கள். புண்ணிலிருந்து எடுத்த சீழில் அதே கழிமுகத்துக் கிருமி இருந்தது. ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் காலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் அத்தானின் பாட்டிலுக்கும் முடிவு வந்தது. கிருமி ஒன்றுகூட இல்லை. பாட்டிலின் அடியில் ப்ளீச்சிங் பவுடர் ஒட்டியிருந்தது. பந்தயப்படி பார்த்தால் ஜெயித்தவர் அவர்தான்.

அத்தான் இப்போது தடியூன்றித் துறைவரை நடக்கிறார். கிருமியை முதலில் கண்டுபிடித்தது தன் பாட்டில்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறார். நம்பாதவர்களிடம் காட்ட அத்தாட்சிதான் கையில் இல்லை.

"அந்த ரிப்போர்ட்ட குடும்மா, கண்ணாடி போட்டு மாட்டணும்."

"பிரிண்டர் ரிப்பேர் அத்தான். அடுத்த வாரம் தந்துடறேன்."

இது ஆறாவது வாரம்.