மூன்றடி தூரத்துக்கு ஒரு போன்

நொச்சிக்குப்பம் மாசிலாமணிக்கு ரோஷம் ஜாஸ்தி. மச்சான் வெள்ளைத்துரை வீட்டுக் காதுகுத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அதற்காக ஆறு வருஷமாக அவரோடு பேச்சு கிடையாது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் பெண்டாட்டி கெங்கம்மா இருக்கிறாள். வெள்ளைத்துரையின் தங்கை. புருஷன் சொன்னதை அண்ணனிடம் ஒப்பித்து, பதில் வாங்கி வருவதற்குத்தானே அவளைப் பெற்றுப் போட்டார்கள்!

புயல் எச்சரிக்கை வந்ததும் குப்பத்து ஃபைபர் போட்டுகள் காசிமேடு துறைமுகத்துக்குப் போயின. மாசிலாமணி வீறாப்பாகக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். வெள்ளைத்துரையின் போட்டை ஒட்டி, வெளிப்பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது.

அடுத்தவன் போட்டோடு சேர்த்துக் கட்டுகிறவன் முதலில், "கட்டிக்கட்டுமா?" என்று கேட்கவேண்டும். நடுவில் டயரைத் தொங்கவிட்டு, தன் கயிற்றை அந்தப் போட்டின் மேலே கொண்டுபோய்க் கரைக் கம்பத்தில் தனியாகக் கட்டவேண்டும். இல்லையென்றால் இரண்டு போட்டின் பாரமும் கரையை ஒட்டி நிற்கும் உள்போட்டின் கயிற்றில் விழும். மாசிலாமணியாவது, கேட்பதாவது! டயரைத் தொங்கவிட்டார், வெள்ளைத்துரையின் போட்டிலேயே முடிச்சைப் போட்டார், மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் பீடி பற்றவைத்தார்.

மத்தியானம் காற்று ஏறியது. உள்போட்டில், அதாவது வெள்ளைத்துரையின் போட்டில், முன்கயிறு பிரிபிரியாக விட ஆரம்பித்தது. அறுந்தால் இரண்டு போட்டும் கல்லில் மோதிச் சிதறும். மாசிலாமணிக்குப் போட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. உடனே கயிற்றை எடுத்தாரா? போனை எடுத்தார். கெங்கம்மா லைன் பிஸி. மூன்றடி தள்ளி வெள்ளைத்துரையும் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒம் புருசங்கைல சொல்லு, கயித்த இந்தாண்ட வீசச் சொல்லு!"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அவர் முகம் தொங்கிப்போயிற்று. மாசிலாமணி மறுபடி அடித்தார். இந்தத் தடவை எடுத்தாள்.

"கெங்கா, ஒங்கண்ணங்கைல சொல்லு, கயித்த..."

"யோவ், வூட்டு மேல தகரம் பிச்சிக்கிச்சி. ஒரு கையால நான் ஒண்டியா புடிச்சிக்கினு கீறேன். ஆறு வருசமா ஒங்க ரெண்டு பேருக்கும் சேதி சொன்னேனே, இப்ப எனக்கு ஒண்ணுன்னா நான் யார்கைல சொல்றது?"

அழுதாள். லைன் கட்டானது.

மாசிலாமணி போனை மடியில் செருகினார். கயிற்றை வீசினார்.

"மச்சான், புடி! சீக்கிரம் கம்பத்துல கட்டு, அவ ஒண்டியா கீறா."

"தெரியும்யா" என்றார் வெள்ளைத்துரை.

போட்டுகள் பத்திரமாக நின்றன. ரோஷக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் நொச்சிக்குப்பத்துக்கு விரைந்தார்கள். வழி நெடுக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வெட்கம்.